தானாக இறங்கிய ஷட்டர்

இருபது வருடமாக ஜாவாவில் கோட் எழுதுகிறேன். யாராவது "டீஃபால்ட்ல விட்டுட்டேன் மேடம்" என்றால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். காரணம், வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் ஒரு வாய்க்கால் மதகு.

அதன் ஷட்டரைச் செல்போனிலிருந்தே ஏற்றி இறக்க ஒரு வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்தோம். ஒரே வாரத்தில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் செல்வராசு போன் செய்தார்.

"மேடம், ஷட்டர் தானா இறங்குது. நான் கை வைக்கல."

பட்டனை அழுத்தினால் ஸ்கிரீனில் 'தோல்வி' என்று வந்து, அவர் டீ குடிக்கப் போன பிறகு இது நடக்கிறதாம். குளிக்க வருகிறவர்கள்கூட அந்தப் பக்கம் வருவதில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. தோல்வி என்று வந்தால் தோல்விதான் அண்ணே என்று அடித்துச் சொன்னேன்.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். பட்டப்பகல். சம்பா நடவு முடிந்த வயல்களில் ஆளே இல்லை. அவர் 'இறக்கு' பட்டனை அழுத்தினார். வட்டம் சுற்றிச் சுற்றி, 'தோல்வி' என்று வந்தது. ஷட்டர் அசையவில்லை. ஆகாயத்தாமரை சிக்கியிருக்கும் என்று சொல்லி, என் பேச்சை நம்பித் தண்ணீரில் இறங்கி, ஷட்டருக்கு அடியில் குனிந்து துழாவினார்.

மேலே நான் மட்டும் நின்றேன். அவருடைய போன் கைப்பிடிச் சுவரில் கிடந்தது. அப்போது மோட்டார் உறுமியது. யாரும் எதையும் தொடவில்லை. ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வெளியே வாங்க!"

வந்துவிட்டார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டு மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது.

அன்றே சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தேன். வேலையைப் பின்னணியில் தனியாக ஓடும் ஒரு த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் அசின்க் ரிக்வெஸ்ட் அது. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற டைம்அவுட்டை நாங்கள் எழுதவே இல்லை. அதனால் சர்வர் தானாக வைத்துக்கொள்ளும் டீஃபால்ட், முப்பது வினாடி. அது தீர்ந்ததும் சர்வர் எரர் அனுப்பி ரிக்வெஸ்டை முடித்துவிட்டது. பின்னணி த்ரெட்டுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மதகில் சிக்னல் கிடைக்கும்வரை அது பொறுமையாகக் காத்திருந்து, நான்காவது நிமிடம் கட்டளையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. செத்துவிட்டது என்று நான் சத்தியம் செய்த கட்டளை உயிரோடு இருந்திருக்கிறது.

டைம்அவுட்டை நாமே எழுத வேண்டும். அது தீரும்போது பின்னணி வேலையையும் நிறுத்த வேண்டும். தெரியாததைத் தோல்வி என்று சொல்லக் கூடாது. இப்போது அந்த ஸ்கிரீனில் 'நிலை தெரியவில்லை, இறங்காதீர்கள்' என்று வருகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மதகுக்கே போய்ச் செல்வராசுவிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி இடுப்பில் முடிந்துகொண்டு தண்ணீரில் இறங்கினார். என்னை நம்பவில்லையா என்று கேட்டேன்.

"அன்னிக்கும் நீங்க நம்பித்தானே மேடம் சொன்னீங்க."