பாலிசியில் சேராத ரூபாய்

“பாப்பாவுக்கு என்ன வயசுங்க?”

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சின்னையன் இதைக் கேட்காத நாளில்லை. பள்ளிக்கூடம் போகிற பெண்ணை மடியில் அழுத்தி உட்கார வைத்துக்கொண்டு, “மூணுகூட முடியலீங்க” என்பாள் தாய். சின்னையன் அந்தக் குழந்தையின் முகத்தை ஒரு கணம் பார்ப்பார், மறுபேச்சு இல்லாமல் நகர்ந்துவிடுவார். பையன்களை அவர் கேட்பதே கிடையாது. மீசை அரும்புகிறவன் அரை டிக்கெட்டில் வந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பெண்பிள்ளை வைத்திருப்பவர்களை மட்டும் வயசு கேட்டுச் சங்கடப்படுத்தும் ஆசாமி என்றுதான் தினமும் அந்த பஸ்ஸில் போகிற நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆள் ஒல்லி. கண்டக்டர் சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முன்படிக்கும் பின்படிக்கும் ஓயாத நடை. பஸ் நின்றாலும் அவர் நிற்கமாட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுகூட டம்ளரோடு வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். வலது கை தோல்பைக்குள் எப்போதும் சில்லறையை அளைந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒரு காசை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஓட்டைக் காலணாவாக இருக்கும், அல்லது சிலோன் காசு. அதற்கு ஈடாகத் தன் சொந்தக் காசைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார்.

“செல்லாதுன்னு எவனோ நம்ம தலையில கட்டிட்டான்னு நினைக்காதீங்க சார். அது நம்மளைத் தேடி வந்திருக்கு.”

இப்படித் தேடி வந்தவையே ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் பாதி நிறைந்தன. மீதிப் பாதியில் வெள்ளி. தீபாவளி போனஸ் வந்ததும் பெரிய கடை வீதிக்கு ஓடி, பழைய வெள்ளியை எடைக்கு வாங்கி வருவார். நசுங்கிய குங்குமச் சிமிழ், குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு, ஒற்றைக் கொலுசு. “ஜோடி இல்லாதது மலிவுங்க” என்பார்.

எழுபத்தேழு வெள்ளத்தில் உறையூரில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அந்தக் கதையை அவருடைய மனைவி சந்திரம்மாள் வாயால் கேட்க வேண்டும். “ரேஷன் கார்டு போச்சு. என் கல்யாணப் பொடவை போச்சு. இவரு டப்பாவைத் தலையில வச்சுக்கிட்டு, சாமி தூக்கிட்டுப் போறமாதிரி முன்னால போறாரு. நான் வரேனா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்கல.”

அதற்குப் பிறகு அவருடைய பரபரப்பு இரட்டிப்பாகிவிட்டது. நாலு தூறல் விழுந்தால் போதும், காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது படியில் தொங்கித் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பார். இதைத் தினமும் பார்த்துச் சலித்துப்போன ஜெகபர் சாதிக் என்கிற இன்ஷூரன்ஸ் அலுவலர்தான் யோசனை சொன்னார். “டப்பாவை இன்ஷூர் பண்ணிருங்கண்ணே. தீ, திருட்டு, வெள்ளம் எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுடலாம். நிம்மதியா இருக்கலாம்.”

படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால், வாசித்துச் சொல்ல என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னையன் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஜமுக்காளத்தில் காசும் வெள்ளியும் பரப்பிக் கிடந்தன. வெள்ளிக் கடைக்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து மதிப்புப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சாதிக் எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சின்னையன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

“உக்காருங்களேன். வீடு என்ன பஸ்ஸா?” என்றார் சந்திரம்மாள்.

நான் கடைசி வரியைத் தமிழில் சொன்னேன். “இவை அனைத்தும் என் சொந்த உடைமை. வேறு யாருக்கும் இவற்றில் உரிமை கிடையாது.” கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன். நடை நின்றது.

“அதை இன்னொரு தரம் சொல்லுங்க சார்.”

சொன்னேன். அவர் குந்தி உட்கார்ந்து, நடுவிலிருந்து ஒரு காசை எடுத்தார். ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய். விளிம்பில் பற்றவைத்த வளையத்தின் மிச்சமும், அதில் சிக்கிய கருப்புக் கயிற்று இழையும் இருந்தன.

“இது என்னுது இல்லீங்க.”

பிறகு அவராகவே சொன்னார். “ஏழு வருஷம் இருக்கும். ஏகாதசிக் கூட்டம். திருவானைக்காவல்ல ஒரு பொண்ணு ஏறுச்சு, கைப்புள்ளையோட. இருந்த நெரிசல்ல முகத்தைப் பாக்கல. காசை வாங்கிப் பையில போட்டேன், ஒரு ரூவாய்க்கு மிச்சச் சில்லறை குடுத்தேன். சத்திரத்துல இறங்குறப்ப, புத்தூர் ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுன்னு கேட்டுச்சு. புள்ளை கால் என் கையில பட்டுச்சு, அனலாக் கொதிக்குது. பொட்டப்புள்ளை. கை காமிச்சுட்டு விசில் அடிச்சுட்டேன். ஜங்ஷன்ல பையைக் கொட்டினாத்தான் தெரியுது, அந்தப் பொண்ணு புள்ளை அரைஞாண்ல கெடந்ததை அத்துக் குடுத்திருக்கு. எல்லாக் காசையும் பாக்குற நான் அன்னிக்குப் பாக்கலீங்க.”

“ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கணக்குப் பாத்துத்தானேண்ணே சில்லறை குடுத்தீங்க? கணக்கு சரியா இருக்கே” என்றார் சாதிக்.

“கணக்கு சரிதான் தம்பி. அந்தப் புள்ளை பொழச்சுதான்னு தெரியணும். பொழச்சிருந்தா இப்ப அதுக்கு எட்டு வயசு.”

பஸ்ஸில் அவர் ஏன் வயது கேட்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சாதிக் சமாதானமாகச் சொன்னார். “பரவாயில்லை, அதையும் சேர்த்துக்கலாம். நல்ல வெள்ளி. ஆனா பாலிசி போட்டா பீரோவுக்குள்ளதான் இருக்கணும். வெளிய எடுத்துட்டுப் போய்த் தொலைஞ்சா ஆபீஸ் பொறுப்பில்லை.”

“அப்ப அந்தம்மா பஸ்ல ஏறுனா, பீரோவையா தூக்கிட்டு வர்றது?”

பட்டியலில் அந்த ஒன்றை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷமும் அது அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. எடை போடுவதற்காகத்தான் அன்று வெளியே வந்ததாம். சந்திரம்மாள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய் ஒரு ஊக்கு கொண்டுவந்தார். காசை ஒரு துணித்துண்டில் முடிந்து, கணவரின் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் வாயை ஊக்கால் குத்தினார். “இன்ஷூரன்ஸும் இல்ல. படியில தொங்குற மனுசன். விழுந்துடப் போவுது.”

அடுத்த வாரம், திருவானைக்காவல் ஸ்டாப். பச்சைப் பாவாடை கட்டிய சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் ஏறினாள்.

“பாப்பாவுக்கு என்ன வயசுங்க?”

“எட்டு முடியப் போகுதுங்க. ஒரு முழு, ஒரு அரை. சத்திரம்.”

பொய் சொல்லாத தாயைப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியம். சின்னையன் டிக்கெட்டைக் கிழித்தார். மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். ஆனால் நகரவில்லை. “ரைட் குடுங்கண்ணே” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார். டிரைவரும் திரும்பிப் பார்த்தார். சின்னையன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சட்டைப் பையின் ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.