அளக்காத துணி

குழந்தைகள் நலப் பிரிவில் நான் சேர்ந்த இரண்டாம் மாதம். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு வீட்டில் குழந்தையைக் கட்டிப்போடுவதாகப் புகார். போய்ப் பார்த்தேன். மூன்று வயதுப் பெண் குழந்தை. கணுக்காலில் துணி, மறுமுனை ஜன்னல் கம்பியில். வீட்டில் வேறு யாருமில்லை.

சிறுவயதில் என்னை என் சிற்றப்பா தொழுவத்துத் தூணில் கட்டிவைத்து அடித்திருக்கிறார். மணிக்கட்டில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைய என் அறிக்கையில் ‘கொடுமை’ என்ற சொல் மூன்று இடங்களில் வந்தது.

தாய் கதீஜா, கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பவள். கணவன் கப்பல் வேலைக்குப் போனவன், தகவல் இல்லை. சேதி கேட்டு ஓடிவந்தாள்.

“கெட்டினது அடிக்கிறதுக்கு இல்ல சாரே. ஒரு வாட்டி கேளுங்க.”

“எல்லாம் விசாரணையில சொல்லு.”

குழந்தையை அரசு இல்லத்தில் சேர்த்துவிட்டேன்.

எங்கள் சூப்பிரண்டு அம்மா மலையாளி. அறிக்கையைப் படித்துவிட்டுக் கேட்டார்.

“துணிக்கு எத்ர நீளம்?”

“அளக்கலை, மேடம்.”

“வாசலுக்கு வெளியே என்ன இருக்கு?”

“பார்க்கலை.”

“பின்னெ இதுல யாரோட கதையாக்கும் எழுதியிருக்கீங்க?”

மறுநாள் டேப்போடு போனேன். ஜன்னல் கம்பியில் அந்தத் துணி இன்னும் இருந்தது. பழைய முண்டு வேட்டி, மடித்துத் தைத்து மெத்தென்று இருந்தது. ஆறடி. தண்ணீர்க் குடமும் அவல் கிண்ணமும் எட்டும், வாசல் எட்டாது. வாசலுக்கு நாலடியில் வாய்க்கால், தடுப்பு கிடையாது. கதீஜாவின் மூத்த பையன் அதில் விழுந்துதான் போனான்.

விசாரிக்கப் போன என்னைப் பக்கத்து வீட்டுக்காரி தன் வீட்டுக்குள் விடாமல் நின்றாள். “கெட்டாம விட்டதுல ஒண்ணு போச்சு. கெட்டினதுக்கு மத்ததை நீங்க கொண்டுபோயிட்டீங்க.”

அறிக்கையைத் திருத்திக் கொடுத்தும் குழந்தை வீடு திரும்ப நான்கு மாதம் ஆயிற்று. தாயைக் கண்டதும் அது இல்லத்து ஆயாவின் பின்னால் ஒளிந்தது. கதீஜா அழவில்லை.

“நாளைக்கு வேலைக்குப் போணும் சாரே. கெட்டட்டா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க.”

என்னிடம் புகார் எழுதப் படிவம் இருந்தது. குழந்தையைப் பகலில் விட்டுவைக்க ஓர் இடம் இருக்கவில்லை.

இப்போது என் மகளுக்கு மூன்று வயது. எங்கள் வீடும் வாய்க்கால் ஓரம்தான். ஆபீசுக்குக் கிளம்பினால் பாதி வழியில் திரும்பிவந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறேன். “நான்தான் வீட்டுல இருக்கேனே,” என்கிறாள் மனைவி. கதீஜாவுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களே, டேப் கொண்டுபோங்கள். நான் கதவைத் தட்டுமுன் என் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். உங்கள் தழும்பு எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத்தான் தெரியும்.