சத்தம் போடாத டிஸ்க்

எஞ்சினைக் காதால் வாங்குகிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கடலூர் துறைமுகத்தில் கிரீஸ் துடைத்துத் தொழில் பழகியவன். இன்றைக்குத் தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர்கள் எஞ்சின் எடுப்பதென்றால் என்னைக் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். ஓடவிட்டுக் கேட்பேன், தொட்டுப் பார்ப்பேன், சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை.

அதனால்தான் போன வருஷம் வீட்டுக் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ‘டக், டக்’ என்று அடிக்க ஆரம்பித்ததும் அது சீக்கிரம் நின்றுவிடும் என்று யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கிவிட்டது. வீட்டு வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருந்தது. இறந்துபோன என் மனைவியின் குரல் வேறெங்கும் இல்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அவள் தம்பி அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

கழற்றிப் பார்த்தவன், "ஹார்ட் டிஸ்க் போவுது மாமா. உசுரு இருக்கும்போதே வேற ஒண்ணுல காப்பி எடுத்துடுவோம். எதுல போடட்டும்?" என்று இரண்டை மேஜையில் வைத்தான்.

ஒன்று பழையதைப் போலவே உள்ளே தட்டு சுற்றுகிறது, இரும்புக் கட்டி மாதிரி கனம். இன்னொன்று சீட்டுக்கட்டை விட லேசு, விலையோ ஜாஸ்தி.

"இந்த லேசானதுக்குள்ள என்னா சுத்துது மச்சான்?"

"அது எஸ்எஸ்டி. ஒண்ணும் சுத்தாது."

"சுத்தாம எப்பிடி வேல செய்யும்? என்னியவே ஏமாத்தறியா?"

"உங்க செல்லுக்குள்ள என்னா மாமா சுத்துது?"

செல்லை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். யாருக்கோ போன் பேசுகிறேன் என்று கடையில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

"சரி, எது ரொம்ப நாளு வரும்?"

"சுத்தறத கீழ போட்டா போச்சு. சுத்தாதது தாங்கும். ஆனா கரண்டே காட்டாம வருசக்கணக்கா பீரோவுல பூட்டி வெச்சா, அதுவும் மறந்துடும்."

"கெட்டுப்போறதுக்கு முந்தி சத்தம் குடுக்குமா?"

"சுத்தறது சில சமயம் குடுக்கும். இது குடுக்காது. திடீர்னு நின்னுடும்."

கனமானதை எடுத்தேன், வைத்தேன். லேசானதை எடுத்தேன், அதையும் வைத்தேன்.

"ஊருக்கெல்லாம் எஞ்சின் பாத்துக் குடுக்கற ஆளு, இதுக்குப் போயி இப்பிடி முழிக்கிறீங்களே."

"ரெண்டுலயும் போடு."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்."

சாயங்காலம் வரை காப்பி ஓடியது. பழைய டிஸ்க் அடித்துக்கொண்டே இருந்தது, நல்லவேளை, நிற்கவில்லை. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மச்சான் ஒரு வீடியோவைப் போட்டான். நாங்கள் புது வீடு குடிபோன அன்று எடுத்தது. என் மனைவி கையில் கரண்டியோடு நிற்கிறாள். "எஞ்சின் கதைய அப்பறம் அளக்கலாம். மொதல்ல வந்தவுங்களுக்கு எலயப் போடுங்க" என்கிறாள்.

"இப்ப இது எதுலேருந்து வருது?" என்று மச்சானைக் கேட்டேன்.

"சுத்தாததுலேருந்து."

குனிந்து அதன்மேல் காதை வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. எதிரே திரையில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.