இடது, டீ, வலது

மங்களூரில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைக்குச் சரோஜினி கோட்டியான்தான் மகாராணி. பெரிய டாக்டர்கள்கூடக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பார்கள். இத்தனை வருஷத்தில் தன் கையால் ஒரு திரைகூட நின்றதில்லை என்பாள். கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அறையில் இரண்டு ஸ்விட்ச்கள் இருந்தன. நோயாளிகளின் விவரமும் ஸ்கேன் படங்களும் கிடக்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கும், அவற்றைக் கேட்டு வாங்கும் சர்வர்களுக்கும் நடுவே அவைதான் பாலம். இடது படுத்தால் வலது தாங்கும். அதனால் சரோஜினி ஒரு சட்டம் போட்டிருந்தாள். எந்த மாற்றமானாலும் முதலில் இடதில் செய். போய் ஒரு டீ குடி. அதற்குள் யாரும் கத்திக்கொண்டு வரவில்லையென்றால் வலதில் செய்.

இரண்டு வருஷம் முன்பு பிரீதம் டிசோஸா அந்த டீயைக் குடிக்காமல் இரண்டிலும் கைவைத்தான். ஆஸ்பத்திரியே நின்றுபோனது. சரோஜினி அவனை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். "உனக்கெல்லாம் ஸ்விட்ச் எதுக்குடா? பிரின்டருக்குப் பேப்பர் போடு, போ" என்றாள். மேலாளர் ராகவேந்திர பட்டும் அவள் பேச்சைக் கேட்டு அவனைப் பிரின்டர் வேலைக்குத் தள்ளிவிட்டார். தலை குனிந்து போனவன்தான், அப்புறம் அந்த அறைக்குள் அவன் கால் வைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை உடுப்பியில் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். கிளம்பும் முன் புது ஸ்கேன் சர்வருக்கு ஒரு தடம் திறந்துவிட வேண்டியிருந்தது. ஒரே கேபிளில் பல தடங்கள் ஓடும். புதிதாக ஒன்றைத் திறக்கும்போது, இருப்பவற்றோடு 'சேர்' என்று ஸ்விட்சுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழையதையெல்லாம் அடைத்துவிட்டுப் புதியதை மட்டும் திறந்து வைக்கும். ஸ்விட்சுக்கு நம் மனசு தெரியுமா? இடதில் அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். வலது தாங்கியதால் ஒன்றும் தெரியவில்லை. டீக்குப் போனால் பஸ் போய்விடும். அதே வரியை அப்படியே வலதிலும் போட்டாள்.

பையைத் தோளில் மாட்டுவதற்குள் போன்கள் அலறின. கீழே பதிவுக் கவுன்ட்டரில் கூட்டம் கூச்சல் போட்டது. ஸ்கேன் படம் எதுவும் திறக்கவில்லை. பட் மூச்சிரைக்க ஓடிவந்தார். எது நின்றாலும் வார்டுகாரர்கள் முதலில் பிரீதமைத்தான் கூப்பிடுவார்கள்; அவனும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றான்.

அவனைப் பார்த்ததும் பட் கொதித்தார். "எத்தனை தடவைடா மாராயா உனக்குச் சொல்றது? மறுபடி இங்க வந்து நோண்டினியா?"

மாடியிலிருந்து இப்போதுதான் வருவதாக அவன் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. சரோஜினியின் காதில் ஏறியது. 'அவன் இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. குனிந்து, அடைபட்ட பழைய தடங்களையெல்லாம் இந்தத் தடவை 'சேர்' என்ற சொல்லோடு இரண்டிலும் திரும்பத் தட்டினாள். முதுகுக்குப் பின்னால் அவன் திட்டு வாங்கிக்கொண்டே இருந்தான். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. பட் பிரீதமைத் தன் அறைக்கு வரச் சொன்னார். இனி அவனுக்கு இங்கே வேலை இருக்காது என்று அவளுக்குப் புரிந்தது.

"சார், அவன் இல்ல. நான்தான். இடதுல போட்ட தப்பையே பார்க்காம வலதுலயும் போட்டுட்டேன்."

வானமே இடிந்து விழும் என்று நின்றாள். பட் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார்.

"அட, நீங்களா! விடுங்க சரோஜக்கா. ஆனைக்கும் அடி சறுக்கும். எல்லாருக்கும் நடக்கறதுதான். கிளம்புங்க, நிச்சயதார்த்தத்துக்கு நேரமாச்சு."

அவள் தோளில் தட்டாத குறைதான். அடுத்த போனை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிரீதம் அதே இடத்தில் நின்றான். "பிரீதம், அன்னிக்கு நான்..." என்று இழுத்தாள்.

"அன்னிக்கு எனக்கும் யாராச்சும் இப்படிச் சிரிச்சிருக்கலாம் அக்கா" என்றான் அவன்.

குரலில் கோபமே இல்லை. சரோஜினியால் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.