கேட்காரர் துங்கின் பின்னல்

மணி அடித்ததும் துங் யோங்நியன் ரயில்வே கேட்டை இறக்குகிறார். பச்சைக் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து, சட்டைக் காலருக்குப் பின்னாலிருந்து மூங்கில் ஊசிகளை உருவுகிறார். மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர்: நீலம், மஞ்சள், இன்னும் பெயர் வைக்காத ஒரு நிறம். ரயிலின் ஊதல் கேட்டவுடன் ஊசி நின்றுவிடும். எழுந்து, கொடியோடு விறைத்து நிற்பார். கடைசிப் பெட்டி போய், கேட் ஏறிய பிறகுதான் விட்ட பின்னல் கண்ணியைத் தேடுவார்.

சிப்பிங் நகருக்கு வடக்கே, காகித ஆலைக்குப் போகும் வழியில் இருக்கிறது அந்தக் கேட். சைக்கிளில் ஆலைக்குப் போகும் நான் தினமும் அங்கே காத்துக் கிடப்பவன். அவர் குடிசைக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடியில் சாயம் தோய்த்த நூல் சிட்டங்கள் ஈரமாய்ச் சொட்டிக்கொண்டிருக்கும். வெங்காயத் தோல், அக்ரூட் தோல், கடையில் விற்கும் சாயப்பொட்டலம், எல்லாம் ஒரே பானையில்தான் கொதிக்கும். கஞ்சியும் அதில்தான்.

"நாளைக்குக் கஞ்சி என்ன கலரு? முன்கூட்டியே சொல்லிட்டா மனசத் தேத்திக்குவேன்" என்பார் அவர் மனைவி சுன்ஷியாங். விரல் மூட்டெல்லாம் வீங்கி அவரால் ஊசி பிடிக்க முடியாமல் போன வருஷம், அவர் சொல்லச் சொல்ல துங் பின்னக் கற்றுக்கொண்டார். பிள்ளைகள் குளிரில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

துங்கிடம் ஒரு குறை உண்டு. சாயம் தப்பிவிட்டது என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஊறுகாய்த் தண்ணீர் மாதிரி வந்த பச்சையைக் காட்டி, "தப்பா? இது மழைக்கு முந்தின பச்சைங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றார் என்னிடம்.

குதிரை வண்டிக்கார ஹோவுக்கு அவரைச் சீண்டாவிட்டால் பொழுது விடியாது. "துங் அண்ணி! அடுப்புல சோறு தீயுது பாருங்க!" என்று வண்டியிலிருந்தே கத்துவார். கேட்டடியே சிரிக்கும். துங் தலை நிமிராமல், "வா கொழுந்தனாரே. அந்த மூக்குக்கு ஒரு உறை பின்னலாம்னு பாக்குறேன், நூலுதான் பத்தல" என்பார்.

போன இலையுதிர் காலத்தில் ஹோ வண்டியில்லாமல் நடந்து வந்தார். கையில் ஒரு துணிமூட்டை. ஆளில்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தாலும் நான் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மூட்டைக்குள் ஒரு ஸ்வெட்டர். சிவப்பு உடம்பு, நடுவே நீலமும் மஞ்சளுமாய்ப் பட்டைகள், கைகள் இல்லை. ஊசி அப்படியே குத்தியிருந்தது. அவர் மனைவி சொந்தமாய்ச் சாயம் தோய்த்து மகளுக்காகப் பின்னியது. முடிப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டார்.

"கை மட்டும்தான் பாக்கி" என்றார் ஹோ, தரையைப் பார்த்து. "பொண்ணு இதத் தலைமாட்டுல வச்சுக்கிட்டே தூங்குது. இந்தக் குளிருக்காவது போட்டுக்கட்டும்னு..."

துங் கேலி செய்யவில்லை. நூலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போ" என்றார்.

கைகளுக்காகத் துங் தோய்த்த நூலில் அந்தச் சிவப்பு வரவில்லை. ஒரு தடவை செங்கல்லாய் வந்தது, மறு தடவை பழுத்த மிளகாயாய் வந்தது. ஹோவின் மகள் யூபிங் வந்தபோது, "எனக்கு இந்தச் சிவப்பு வரலம்மா" என்று துங் சொன்னதைக் கேட்டு சுன்ஷியாங் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பழைய சிவப்பு ஒரு வரி, புதுச் சிவப்பு ஒரு வரின்னு மாத்தி மாத்திப் போட்டா கண்ணுக்கு ஒண்ணாத் தெரியும். ஆனா பழைய நூலு வேணும். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் பிரிக்கணும்" என்றார் துங்.

"முடியாது. அது எங்கம்மா போட்ட கண்ணி."

"ஆமா."

"பிரிச்சா அது போயிடும்ல?"

"போயிடும். உங்கிட்டப் பொய் சொல்லல. நூலு போகாது, கண்ணி போயிடும். கீழ்ப்பாதி அப்படியே இருக்கும். போட்டுக்கணுமா, வச்சுக்கணுமா, நீதான் சொல்லணும். நான் தொடமாட்டேன்."

அவள் ஸ்வெட்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். வயல் சோளமெல்லாம் அறுத்து முடிந்து, முதல் பனி விழுந்த பிறகு திரும்பி வந்தாள், அப்பாவின் வண்டியிலேயே. கேட் மூடியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து, தானே ஊசியை உருவினாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டுதான் அவள் கேட்டைக் கடந்தாள். எது தாயின் சிவப்பு, எது துங்கின் சிவப்பு என்று நானும் உற்றுப் பார்த்திருக்கிறேன், பிடிபடவில்லை. ஆனால் என் மனதில் நிற்பது அவள் பிரித்த நாள்தான்.

பிரிந்த நூல் சுருள் சுருளாக வந்தது. அதைச் சிட்டமாகச் சுற்ற இரண்டு கை வேண்டும். "கைய நீட்டுப்பா" என்றாள் யூபிங். ஹோ வண்டியிலிருந்து இறங்கி, அத்தனை சைக்கிள்காரர்களுக்கும் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஹோ அண்ணி, வளையலெல்லாம் பலமா இருக்கே!" என்றான் எவனோ. ஹோ கைகளை இறக்கவில்லை.

ரயில் போயிற்று. துங் கொடியைச் சுருட்டி, கேட்டை ஏற்றினார். சைக்கிள்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தன. ஹோவின் மயிர்த்தொப்பி நழுவிக் கண்ணை மறைத்துவிட்டது. கையெல்லாம் நூல், குதிரையைப் போலத் தலையைச் சிலுப்பிப் பார்த்தார், அது இன்னும் கீழேதான் இறங்கியது. துங் அவரிடம் நடந்து வந்து, தொப்பியைத் தூக்கி நேராக வைத்து, அதன் காதுமறைப்புகளை இழுத்து இரண்டு காதையும் மூடிவிட்டார்.