கிணற்று மேட்டில் வைத்த சோறு

ஐம்பதுகளில் கெலமங்கலம் சாலையோரம் பயிற்சிக் கல்லூரி வந்தபோது ஊருக்கே யோகம் என்றார்கள். என்ன யோகமோ! விடுதி கிடையாது. மாணவர்கள் எங்கள் வீடுகளில் தங்கி, எங்கள் ராகிக் களியைத் தின்று, எங்கள் கிணற்றில் குளித்து, படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள்.

தெற்கேயிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த ஒருவன் அந்தக் கிணற்றில் மூழ்கிச் செத்தான். பெற்றவர்கள் உடலைக் கொண்டுபோனார்கள். கூடப் படித்தவர்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போனார்கள். கிணற்றை விட்டு நாங்கள் எங்கே போவது?

அவனுக்குக் களி பிடிக்காது. அதனால் ஆடி அமாவாசைக்கு அம்மா உப்புப் போடாமல் நெல்லுச் சோறு ஆக்கி, கிணற்று மேட்டில் அவனுக்குப் படைப்பாள்.

ஒரு வருஷம் அந்த நேரத்தில் புதுப் பையன்கள் குளிக்க வந்தார்கள். அவனைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒருவன் இலையிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உப்பில்லாட்டியும் பரவால்லம்மா," என்று சிரித்தான். "இந்தக் களி எனக்குத் தொண்டையில எறங்கவே மாட்டேங்குது."

அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நீ இன்னிக்கிக் குளிக்க வேண்டாம், கண்ணு," என்றாள்.

மற்றவர்கள் குளித்துக் கரையேறும்வரை அவன் மணிக்கட்டை அவள் விடவேயில்லை.