போர்வைக்குள் ஒரு ரேடியோ

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், என் சொந்த ரேடியோவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடினேன்.

திருடன்கூட அடுத்தவன் பொருளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவான். நான் என் பொருளையே... வயது நாற்பத்தாறு. வாராவாரம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் புத்தி சொல்லுகிற ஆசாமி வேறு!

ஏன் ஓடினேன்? ரேடியோ லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் தெருமுனைக்கு வந்துவிட்டார். என்னிடம் லைசென்ஸ் இல்லை.

தென்காசியில் இன்ஸ்பெக்டர் வந்திருப்பதை யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. காலை வேளையில் எங்கள் தெருவில் ஏழெட்டு ரேடியோக்கள் பாடிக்கொண்டிருக்கும். முனையில் இருக்கும் டீக்கடையில் சிலோன் பாட்டு. அது திடீரென்று பாதி வரியில் நிற்கும். அடுத்து ஜவுளிக்கடைக்காரர் வீடு. அடுத்து வாத்தியார் வீடு... ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டே வரும். எதிர்வீடும் அமைதியாகிவிட்டால், அடுத்தது நாம்தான் என்று அர்த்தம்.

லைசென்ஸ் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எடுத்திருக்கலாம். லைசென்ஸ் கொடுப்பது தபால் இலாகாதான்; தபாலாபீசில் அரை மணி நேர வேலை. பணமும் பெரிய பணமில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு கொள்கை இருந்தது... இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேடியோ வாங்கும்போது விற்பனை வரி கொடுத்தாயிற்று. அது குடிக்கும் மின்சாரத்துக்கு மாதாமாதம் கட்டியாகிறது. அப்புறம் அதைத் திருகிக் கேட்பதற்கு வருஷா வருஷம் ஒரு லைசென்ஸா? சைக்கிளுக்கு வரி கட்டி ஒரு தகர வில்லை, சினிமாவுக்குப் போனால் கேளிக்கை வரி, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டாலும் வரி! இப்படியெல்லாம் பேசுவதில் நான் கெட்டிக்காரன். பேசிப் பேசியே நாலு வருஷம் ஓட்டிவிட்டேன்.

இதையெல்லாம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தவர் மரியசெல்வம். பக்கத்து வீட்டுக்காரர். தபால்காரர். பல வருஷமாக வேலை பார்த்தும் இன்னும் நிரந்தரமாகவில்லை. சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். மர பெஞ்சில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டே செய்தி கேட்பார். எங்கள் ரேடியோவில் வலது பக்கக் குமிழ் உடைந்துபோய், அதற்குப் பதிலாகப் பற்பசை மூடி ஒன்றைச் செருகியிருந்தேன். அந்த மூடியை இரண்டே விரலில் திருகி நிலையத்தைப் பிடிக்கும் வித்தை என்னைவிட அவருக்குத்தான் நன்றாகக் கைவந்தது.

"அண்ணாச்சி, ஒரு நாள் ஆபீஸ் பக்கமா வாங்க. லைசென்ஸ் ஃபாரம் நானே வாங்கித் தாரேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்" என்பார்.

"காத்துல வருத பாட்டுக்கு வரியா செல்வம்? விட்டா குத்தாலத்துச் சாரல்ல நனையதுக்கும் லைசென்ஸ் கேப்பான்!"

சிரிப்பார். "நீங்க எழுதுதவுக. உங்ககிட்ட நான் பேசி ஜெயிக்கவா?"

தான் தபால் கொடுக்கும் தெருக்களில் லைசென்ஸ் இல்லாத ரேடியோ இருந்தால் தபால்காரர் ஆபீசில் சொல்ல வேண்டுமாம். ஒரு தடவை அவரே பேச்சுவாக்கில் சொன்னார். என்னைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதை நான் சிநேகிதம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று யோசித்தேனா? இல்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

எதிர்வீட்டு ரேடியோ நின்றது. எங்கே ஒளிப்பது? கட்டிலுக்கு அடியில் வைத்தால் தெரியும். பரணில் ஏற்ற நேரமில்லை. அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது. தபால் இலாகா ஆள் வீட்டுக்குள் எந்த இன்ஸ்பெக்டர் போய்த் தேடுவார்?

கவனியுங்கள். பதற்றத்தில் கை போன இடத்தில் வைத்துவிட்டேன் என்று இங்கே எழுதித் தப்பிக்கலாம். அப்படி இல்லை. யோசித்துத்தான் அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

வெளியே சாரல். செல்வம் தபால் கொடுக்கப் போயிருந்தார். அவர் மனைவி பாக்கியம் பின்கட்டில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, புள்ளையத் தூக்கிட்டு வருத மாதிரி வாரிய?"

"ரேடியோ தாயி. ஒரு மணி நேரம் இங்கன இருக்கட்டும்."

"அதுக்கென்ன, வச்சிட்டுப் போங்க."

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தால், அடுப்படி வாசலில் என் மனைவி நிற்கிறாள்.

"அவுக வீட்லயா வச்சிட்டு வாரிய?"

"ஒரு மணி நேரந்தான்."

அவள் விடுவிடுவென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். எங்கள் வீட்டில் அது நல்ல அறிகுறி அல்ல.

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். குடை, தோல் பை, நனைந்த செருப்பு. என் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், பத்திரிகையில எழுதறது நீங்களா? உங்க பேர் தெரியாதவங்க இந்த ஜில்லாவுல உண்டா! புளியறை பத்தி எழுதியிருந்தீங்களே... எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்."

உங்களுக்கும் நினைவிருக்கும். மலையாளக்கரைக்கு அரிசி போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். செங்கோட்டையில் பஸ் ஏறிய ஒரு அம்மாள், வயிற்றைச் சுற்றி அரிசியைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணிபோல உட்கார்ந்திருந்ததையும், புளியறைச் சோதனைச் சாவடியில் அவளை இறக்கிவிட்டதையும் கிண்டலாக எழுதி, 'சட்டத்தை ஏய்க்கிறவர்கள் நாட்டை ஏய்க்கிறார்கள்' என்று முடித்திருந்தேன். ஏகப்பட்ட பாராட்டுக் கடிதங்கள்.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றபடியே மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தார். ரேடியோவைத் தூக்கினேனே தவிர, ஏரியல் கம்பியை மறந்துவிட்டேன்! நல்லவேளையாக அதில் என் வேட்டி ஒன்று தொங்கியது.

"அது என்ன சார்?"

"துணி காயப்போடுற கம்பி."

"இந்தச் சாரல்லயா?"

வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"சரி சார். நீங்க சொன்னாச் சரி" என்றார் அவர். "உங்க வீட்டுக்குள்ள போய்ப் பாக்கவா? நல்லாருக்குமா அது?"

சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நம்பிவிட்டார்.

அவர் குடையை விரித்துக் கிளம்பவும், சைக்கிளில் செல்வம் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. சாப்பாட்டுக்கு வந்தவர். தன் இலாகா அதிகாரியைப் பார்த்ததும் நனைந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரு சலாம் வைத்தார்.

"ஐயா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு... நம்ம வீட்ல ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போகணும்."

"காப்பி இங்கயே போடச் சொல்லுதேன் செல்வம்!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. ஐயா நம்ம வீட்டுக்கு ஒரு நாளாவது வரணும்லா? நீங்களும் வாங்க."

போனேன். வேறு என்ன செய்ய?

அந்த வீட்டில் மொத்தமே ஒன்றரை அறை. முன்னறையில் மாதா படம், அதற்குக் கீழே ஒரு சின்ன மேஜை. அந்த மேஜைமேல் என் ரேடியோ! போர்வை சாரலில் நனைந்திருந்ததால் பாக்கியம் அதை எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். ரேடியோவை முந்தானையால் துடைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட துணியை விரித்து, அதன்மேல் பத்திரமாக வைத்திருக்கிறாள். அடுத்தவர் பொருள் கெட்டுப்போகக் கூடாதே என்ற கவனம்.

இன்ஸ்பெக்டர் உட்காரப் போனவர் நிமிர்ந்துவிட்டார்.

"என்னப்பா இது? லைசென்ஸ் புஸ்தகம் எங்க?"

செல்வம் ரேடியோவைப் பார்த்தார். பற்பசை மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அதில் கோபமே இல்லை. அண்ணாச்சி இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிற பார்வை. எனக்கு வேண்டிய அவகாசம் கொடுத்துத்தான் காத்திருந்தார்.

நான் கூரை ஓடுகளைப் பார்த்தேன்.

"ஐயா, அது வந்து..." என்று பாக்கியம் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றார் செல்வம். அப்புறம் இன்ஸ்பெக்டரிடம், "லைசென்ஸ் இல்லைய்யா. என் வீட்ல இருக்கு, நான்தான் பொறுப்பு. எழுதிக்கிடுங்க."

"வேலை கன்ஃபர்ம் ஆகப்போற நேரத்துல... இந்த ரிப்போர்ட் போனா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்யா."

இன்ஸ்பெக்டர் பையைத் திறந்து காகிதத்தை எடுத்தார். எழுத ஆரம்பித்தவர், மனசு கேட்காமல் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? தபால்காரனே இப்படி. இதையெல்லாம் நீங்க எழுதணும் சார்."

நான் தலையை ஆட்டினேன்.

ஆமாம், ஆட்டினேன். ஆட்டவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது.

அப்போது பின்வாசலில் என் மனைவியின் குரல் கேட்டது. "அது எங்க வீட்டு ரேடியோங்க." சாரலில் நனைந்து வந்திருந்தாள். கையில் ரேடியோ வாங்கிய கடை ரசீது. அதை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

இன்ஸ்பெக்டர் ரசீதைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"அப்படியா சார்?"

"ஆமாம்."

எழுதிய காகிதத்தைக் கிழித்தார். புதிதாக ஒன்று எடுத்தார். பேனாவைத் தட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்: "பேர் சொல்லுங்க."

சொன்னேன். காதில் விழவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

அபராதத்தோடு கட்ட வேண்டியதைக் கட்டி லைசென்ஸ் எடுத்தாயிற்று. செல்வத்தின் வேலையும் ஆண்டவன் புண்ணியத்தில் போன வாரம் நிரந்தரமாகிவிட்டது. அதற்கு நான் செய்த உதவி ஒன்றுமில்லை.

இந்த லைசென்ஸ் முறை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் மாற்றமில்லை. பிடிக்காத சட்டத்தை எதிர்த்து எழுதலாம், மனுப் போடலாம், தைரியம் இருந்தால் 'கட்ட மாட்டேன், நடவடிக்கை எடு' என்று நிமிர்ந்து நிற்கலாம். இன்ஸ்பெக்டர் வரும்போது போர்வையைத் தேடுகிறவனுக்குக் கொள்கை என்ற வார்த்தை எதற்கு?

புளியறை பஸ்ஸில் வந்த அந்த அம்மாளையும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவளும் சட்டத்தை ஏய்த்தாள்தான். ஆனால் அரிசியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். பிடிபட்டால் அவள்தான் இறங்கி நிற்க வேண்டும், நின்றாள். பக்கத்து சீட்டுக்காரியின் மடியில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. அவளைக் கிண்டல் செய்ததற்காக வெட்கப்படுகிறேன். அந்தக் கட்டுரைக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு இதுதான் என் பதில்.

மறுநாளே செல்வம் வீட்டுக்குப் போனேன். பாக்கியம் எப்போதும்போலக் காப்பி கொடுத்தாள். ராத்திரியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளில் பாதிதான் வந்தன. அதற்குள்ளேயே செல்வம், "விடுங்க, போகட்டும்" என்று முடித்துவிட்டார். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது. ஆனால் அந்தச் சாயங்காலம் அவர் பெஞ்சுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

செய்தி நேரத்தில் பற்பசை மூடியை நானே திருகுகிறேன். நிலையம் சரியாகப் பிடிபடவில்லை. ஒரே கரகரப்பு.

உங்கள் கடிதங்கள் ஒன்று விடாமல் வந்து சேருகின்றன. அதில் ஒரு குறையும் இல்லை. முன்பெல்லாம் 'அண்ணாச்சீ!' என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்து, கையில் கொடுத்துவிட்டு, யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று எட்டியும் பார்ப்பார்.

இப்போது ஜன்னலில் வைத்துவிட்டு, வெளியில் இருந்தே குரல் கொடுக்கிறார்: "சார், தபால்."